பழைய காயம் உள்ளவருக்கு வேலையில் அடிபட்டால் நட்டஈடு எப்படிப் பிரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூலி வேலைக்குப் போகிறவர்களில் பழைய காயமே இல்லாத உடம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஷெல் துண்டைக் காலுக்குள் வைத்துக்கொண்டு சாந்து குழைக்கிறவர் இருக்கிறார். சுனாமியில் தோள் விலகி, அது சரியாகப் பொருந்தாமலே கரைவலை இழுக்கிறவர் இருக்கிறார். தென்னையால் விழுந்தவர், இருபது வருடம் நெல் மூட்டை தூக்கி இடுப்புப் போனவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களுக்கு வேலையிடத்தில் மறுபடி அடிபட்டால் முதலாளி பக்கத்திலிருந்து முதலில் வருகிற சொல், "அது பழைய காயம்தானே" என்பதுதான்.

நான் சட்டத்தரணி இல்லை. நட்டஈட்டு விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்குப் பல வருடமாக எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே வைக்கிறேன்.

பழைய காயம் இருந்தால் நட்டஈடே இல்லை என்கிறார் முதலாளி. உண்மையா?

இல்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது இரண்டு விஷயம். விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்ததா? அதனால் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது? வேலைக்கு வரும்போது உடம்பு முழுச் சுகமாக இருந்திருக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் நிபந்தனை இல்லை. எந்த உடம்போடு ஒருவர் வேலைக்கு வந்தாரோ, அந்த உடம்போடுதான் முதலாளி அவரிடம் வேலை வாங்கினார். நல்ல உடம்பு என்று கற்பனை செய்து சம்பளம் கொடுக்கவில்லையே.

அப்படியென்றால் பழைய காயத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதே இல்லையா?

எடுக்கிறது, ஆனால் முதலாளிமார் நினைக்கிற விதத்தில் அல்ல. நிரந்தரமான பகுதி இயலாமை எது என்று சட்டம் சொல்லும்போது, விபத்து நடந்த நேரத்தில் அந்த ஆள் எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த வேலைகளில் அவருடைய உழைக்கும் சக்தி குறைவதைத்தான் சொல்கிறது. "அந்த நேரத்தில்" என்ற அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுகோல் தொடங்கும் இடம் அதுதான்.

ஆகவே ஏற்கனவே போன சக்திக்கு இப்போதைய முதலாளி பொறுப்பில்லை. அது நியாயம். ஆனால் விபத்துக்கு முதல் நாள் வரை மிச்சமிருந்த சக்தியில் எவ்வளவு போனதோ, அது முழுவதற்கும் அவர் பொறுப்பு. பழைய காயம் இருந்தும் முழு வேலையும் செய்து முழுச் சம்பளமும் எடுத்தவரிடம், கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலையொன்றில் சாக்கு வாய் தைக்கிற வேலை செய்த ஒரு அண்ணன் வந்தார். ஐம்பத்தாறு வயது. 1990இல் வெடித்த ஷெல்லில் வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. இருந்த மூன்று விரலால் அவர் தைப்பதைப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சாக்கூசியைப் பிடித்து, நடுவிரலால் நூலை இழுத்து நெரித்து, ஒரு மூட்டையை மூச்சுப் பிடிக்கிற நேரத்துக்குள் முடித்துவிடுவாராம். என் மேசையில் கிடந்த பேனையை எடுத்து அப்படித்தான் பிடித்ததாகக் காட்ட வெளிக்கிட்டார். பேனை கீழே விழுந்தது. ஆலையின் பெல்ட்டில் அகப்பட்டு இப்போது பெருவிரல் இல்லை.

ஆலைக்காரர் சொன்னது: "அது ஏற்கனவே பழுதான கைதானே. ஒரு விரலுக்குக் கணக்குப் பார்த்துத் தாறன்."

சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு உறுப்பு இழப்புக்கும் ஒரு வீதம் இருக்கிறது. பெருவிரலுக்கும் இருக்கிறது. ஆனால் ஐந்து விரல் உள்ளவர் பெருவிரலை இழப்பதும், மூன்று விரலோடு இருந்தவர் அதை இழப்பதும் ஒன்றல்ல. முன்னவருக்கு விரல்தான் போகிறது. பின்னவருக்குக் கையே போகிறது. பழைய காயம் புதிய இழப்பைச் சிறிதாக்கவில்லை, பெரிதாக்கிவிட்டது. நாங்கள் விண்ணப்பத்தில் விரலைப் பற்றி இரண்டே வரி எழுதினோம். மிச்சமெல்லாம் அவர் விபத்துக்கு முன் ஒரு நாளில் எத்தனை மூட்டை தைத்தார், என்ன கூலி எடுத்தார், இப்போது எந்தப் பொருளைப் பிடிக்க முடிகிறது, எதைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான். கூட வேலை செய்த இருவர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு "பழுதான கை" என்ற பேச்சை ஆலைக்காரர் எடுக்கவில்லை.

வீதத்தில் கழிப்பது சரிதானே? முன்பு 30, இப்போது 50, ஆகவே 20க்குத்தானே நட்டஈடு?

பார்க்கச் சரியாகத்தான் தெரியும். இந்தக் கணக்கில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். நான் போடுவது விளங்குவதற்கான எண்கள் மட்டும்.

ஒருவர் காலில் காயப்படும் முன் மேசன் வேலையில் மாதம் 60,000 ரூபா உழைத்தார். காயத்துக்குப் பிறகு ஏணி ஏற முடியாமல் காவல் வேலைக்குப் போய் 42,000 எடுத்தார். அதாவது 100க்கு 30 ஏற்கனவே போய்விட்டது. இப்போது காவல் வேலையில் விபத்து. இனி 30,000க்கு மேல் உழைக்க முடியாது. பழைய 60,000ஓடு பார்த்தால் மொத்த இழப்பு 100க்கு 50. அதில் 30ஐக் கழித்தால் 20 வரும்.

ஆனால் நட்டஈடு கணக்கிடுவது விபத்து நேரத்துச் சம்பளத்தை வைத்து. அது 42,000. அதில் 20 வீதம் 8,400 ரூபா. அவர் உண்மையில் இந்த விபத்தால் இழந்தது மாதம் 12,000. நடுவில் 3,600 எங்கே போனது? பழைய காயத்தை இரண்டு தரம் கழித்துவிட்டார்கள். சம்பளம் குறைவாக இருந்தபோதே அது ஒரு தரம் கழிந்துவிட்டது, வீதத்தில் மறுபடி கழிக்கிறார்கள். 42,000ஐ அடிப்படையாக வைத்தால் இழப்பும் 42,000இல்தான் பார்க்க வேண்டும். 12,000 என்பது அதில் கிட்டத்தட்ட 28 அரை வீதம்.

நட்டஈட்டுத் தொகை சட்டத்திலுள்ள சம்பள அட்டவணைப்படிதான் தீர்மானமாகும், இப்படி நேராகப் பெருக்கி அல்ல. ஆனால் கழிக்கிற இடம் வரும்போது இந்த வாதத்தை, கோரிக்கையை விசாரிக்கும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் முன் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இரண்டு தரம் கழிப்பது அநியாயம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஒரு கண் யுத்தத்தில் போனது. மற்றக் கண் வேலையில் போனது. ஒரு கண்ணுக்குத்தானா நட்டஈடு?

ஒரு கண்ணுக்கான வீதத்தைத் தந்து முடிக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த மனிதர் விபத்துக்கு முன் பார்வை உள்ளவர். ஒரு கண்ணால் வெல்டிங் செய்தார், சைக்கிள் ஓடினார். விபத்துக்குப் பின் முழு இருட்டு. விபத்து நேரத்தில் செய்யக்கூடியதாயிருந்த எல்லா வேலையும் போனால் அது முழு இயலாமை. வாதம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

கண்ணைப் பற்றி 1912இல், அந்த நாளில் அங்கே மேன்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் சட்டத்தின் மூலச் சொற்கள் அங்கிருந்து வந்தவை என்பதால் சொல்கிறேன். தொழிலாளி ஒருவருக்கு ஒரு கண் பல வருடமாகவே குருடு. ஆனால் வெளியே பார்த்தால் தெரியாது. வேலையில் அந்தக் குருட்டுக் கண்ணிலேயே அடிபட்டு அதை எடுக்க வேண்டி வந்தது. பார்வையில் எந்த நட்டமும் இல்லை. ஆனால் ஒற்றைக் கண்ணன் என்று தெரிந்ததும் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. அந்த வேலையின்மை விபத்தால் வந்ததே என்று தீர்ப்பாயிற்று. பழுதான உறுப்புக்கும் பெறுமதி உண்டு.

எனக்கு விழுந்து எழும்பிய விபத்து எதுவும் இல்லை. மூட்டை தூக்கும்போது இடுப்புப் பிடித்தது. முன்பே இடுப்பு வலி உண்டு. இது விபத்தா?

ஒரு நாள், ஒரு நேரம், ஒரு மூட்டை என்று காட்ட முடிந்தால் ஆகும். 1903இல் ஒரு சக்கரத்தைத் திருப்பும்போது குடலிறங்கிய தொழிலாளிக்கும், 1910இல் பெரிய இரத்தநாளம் முன்பே வீங்கியிருந்து, திருகாணி இறுக்கும்போது அது வெடித்து இறந்தவருக்கும் இதே பிரபுக்கள் சபை விபத்து என்றே தீர்த்தது. அந்த இரண்டாமவருக்கு நித்திரையிலும் அது வெடித்திருக்கக்கூடும். இருந்தாலும் வெடித்தது வேலையில்.

வருடக்கணக்காக மெல்ல மெல்லத் தேய்ந்தது என்றால் வழக்குக் கடினம். ஆகவே வைத்தியசாலைக்குப் போகும்போது "கனநாளா வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பழைய வலியையும் சொல்லுங்கள், இன்றைக்குக் காலையில் எந்த மூட்டையைத் தூக்கும்போது "டக்" என்று பிடித்தது என்பதையும் சொல்லுங்கள். வைத்தியர் அன்று எழுதுவதுதான் ஒரு வருடம் கழித்துப் பேசும்.

பழைய காயமும் வேலையில் வந்ததுதான், ஆனால் வேறு முதலாளியிடம். இரண்டு பேரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமா?

ஒவ்வொரு விபத்துக்கும் அந்த நேரத்து முதலாளி பொறுப்பு. முதல் விபத்தால் வந்த இழப்புக்கு முதல் முதலாளி, இரண்டாவதில் கூடிய இழப்புக்கு இரண்டாமவர். இரண்டும் இரண்டு கோரிக்கை. இதில் வருத்தமான விஷயம், முதல் விபத்துக்கு யாரும் விண்ணப்பம் போட்டிருக்க மாட்டார்கள். மருந்துச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் தந்தார், நல்ல மனுசன் என்று விட்டிருப்பார்கள். விண்ணப்பத்துக்குக் காலவரம்பு உண்டு. அது கடந்துவிட்டால் அந்தப் பங்கு காற்றோடு போய்விடும். சின்னக் காயம் என்றாலும் அன்றே எழுத்தில் அறிவியுங்கள் என்று நான் கெஞ்சிச் சொல்வது இதற்காகத்தான்.

கொந்தராத்துக்காரர் கூட்டிப் போன வேலை. அவர் தன் பொறுப்பில்லை என்கிறார், கம்பனி தன் ஆள் இல்லை என்கிறது.

கம்பனி தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்துக்குக் கொடுத்திருந்தால், நேரே வைத்த ஆளுக்குப் போலவே அதனிடம் நட்டஈடு கேட்கலாம். கம்பனி பிறகு கொந்தராத்துக்காரரிடம் வாங்கிக்கொள்ளும். அது அவர்கள் பாடு. தன் குடியிருக்கும் வீட்டைக் கட்டுவிக்கிறவர் விஷயம் வேறு. அது அவருடைய தொழில் அல்ல என்பதால், அங்கே கொந்தராத்துக்காரரையே பிடிக்க வேண்டி வரும்.

யுத்தக் காயத்துக்கு அரசாங்கம் முன்பு கொடுத்த பணத்தைக் கழிப்பார்களா?

அது இந்த விபத்துக்கு இந்த முதலாளி கொடுத்த பணம் இல்லையே. கழிக்க விடாதீர்கள்.

பழைய காயத்தை மறைத்துவிட்டால் நல்லதல்லவா?

இந்தக் கேள்வியை ஆட்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். மறைக்காதீர்கள். எக்ஸ்ரே படத்தில் ஷெல் துண்டு வெள்ளையாகத் தெரியும். முறிந்து பொருந்திய எலும்பு வருடம் போனாலும் தடிப்பாகத் தெரியும். முதலாளி தன் செலவில் ஒரு வைத்தியரிடம் காட்டச் சொன்னால் நீங்கள் போகத்தான் வேண்டும், மறுத்தால் நட்டஈடு நிற்கும். அங்கே பழையது வெளிவந்தால் நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாய்ந்தமருதில் ஒரு மேசன் காக்கா இருந்தார். முழங்காலில் பழைய முறிவு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, விசாரணையில் கேட்டபோது இல்லை என்றார். சொல்லியிருந்தால் அவருக்கு நட்டம் எதுவும் இல்லை. அந்தக் காலோடு பதினொரு வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர் அவர். அந்தப் பதினொரு வருடம்தான் அவருடைய பலம். அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. விண்ணப்பம் எழுதிய அன்று நான் இன்னும் துருவிக் கேட்டிருக்க வேண்டும்.

என்ன கடதாசி சேர்க்க வேண்டும்?

புதிய காயத்துக்கு நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படம், பொலிஸ் முறைப்பாடு போட்டிருந்தால் அதன் பிரதி. இவை எல்லாருக்கும் தெரியும். பழைய காயம் உள்ளவர்கள் மறக்கிறது வேறொன்றை: விபத்துக்கு முந்திய நாள் வரை என்ன வேலை செய்தீர்கள் என்பதற்கான ஆதாரம். சம்பளக் கொப்பி, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், நாட்கூலிக் கணக்கு எழுதிய பழைய நாட்குறிப்பு, வேலையிடத்தில் எடுத்த போட்டோ, எதுவானாலும் கொண்டுவாருங்கள். வெள்ளாமை வேலைக்காரரென்றால் வட்டையில், அதாவது வயலில், உங்களோடு நின்று வேலையை முன்னின்று பார்த்த முல்லைக்காரர் நல்ல சாட்சி. எத்தனை ஏக்கருக்கு நின்றீர்கள், எத்தனை மூட்டை சுமந்தீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

பழைய காயத்தின் வைத்தியசாலைக் கடதாசிகள் சுனாமியில் போய்விட்டன என்று எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம்) ஆட்கள் பலர் சொல்வார்கள். அப்படியென்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். எந்த ஆண்டு, எப்படிக் காயம், பிறகு என்ன வேலை செய்தீர்கள் என்பது அதில் வர வேண்டும்.

வைத்தியரிடம் என்ன எழுதிக் கேட்பது?

"20 வீதம்" என்று ஒரு எண் மட்டும் உள்ள கடிதம் போதாது. விபத்துக்கு முன் இருந்த நிலை என்ன, விபத்தால் கூடியது என்ன, பழையதும் புதியதும் சேர்ந்ததால் வந்தது என்ன, அப்படி அவர் ஏன் கருதுகிறார் என்ற நான்கையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வைத்தியர்கள் வேலை நெருக்கடியில் இருப்பவர்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று வைத்தியரே பிரித்துவிடுவாராமே?

கலிபோர்னியா மாநிலத்தில் அப்படித்தான். 2004இல் சட்டத்தை மாற்றினார்கள். நிரந்தர இயலாமையில் எத்தனை வீதம் வேலை விபத்தால், எத்தனை வீதம் அதற்கு முன்னோ பின்னோ வந்த வேறு காரணங்களால் என்று வைத்தியர் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். முதலாளி விபத்தின் பங்குக்கு மட்டும் பொறுப்பு. முன்பு ஒருவரை எந்த விதத்திலும் முடக்காத மூட்டுத் தேய்மானத்தைக்கூட இப்போது அங்கே கழிக்கலாம். ஆனால் ஏன், எப்படி என்று வைத்தியர் காரணம் காட்டாமல் வெறும் எண்ணைப் போட்டால் அங்கே ஏற்கமாட்டார்கள். அந்தக் கழிக்கும் முறை நமக்கு வேண்டாம். காரணம் கேட்கும் பழக்கம் மட்டும் வந்தால் போதும்.

இப்படியெல்லாம் முதலாளி தலையில் போட்டால், காயப்பட்டவர்களுக்கு வேலையே கொடுக்கமாட்டார்களே?

இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 1925இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில் ஒற்றைக் கண்ணோடு இருந்த தொழிலாளி மற்றக் கண்ணையும் இழந்தார். முழு இயலாமைக்கான நட்டஈட்டை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு அங்கே ஒற்றைக் கண், ஒற்றைக் கை உள்ளவர்களை ஆயிரக்கணக்கில் வேலையால் நிறுத்தினார்கள். இதற்கு அந்த நாட்டில் கண்ட வழி ஒரு பொது நிதி. நியூயோர்க் 1916லேயே அதைத் தொடங்கியிருந்தது. புதிய காயத்தின் பங்கை முதலாளி கொடுப்பார், பழையதும் சேர்ந்ததால் கூடுகிற மிச்சத்தை நிதி கொடுக்கும். தொழிலாளிக்கு முழுதும் கிடைக்கும், முதலாளிக்கும் பயம் இல்லை. முப்பது வருட யுத்தம் பார்த்த நாட்டில், அதுவும் கிழக்கில், இப்படியொரு நிதி எப்போதோ வந்திருக்க வேண்டும்.

முதலாளி கொஞ்சப் பணத்தோடு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. உடன்பாடு செய்வதென்றால் அது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாதென்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சரி, எல்லாம் முடிந்தது என்று வீட்டிலே இருந்துவிடாமல் அந்தத் தாளின் பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆகக் கூடியது எவ்வளவு கிடைக்கும்?

முன்பு 550,000 ரூபாவாக இருந்த உச்சத்தொகையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 20 இலட்சமாக்கியது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் போகும்போது வரும்போது நடக்கும் விபத்தும் அதிலிருந்து சேர்ந்தது.

எங்கே போவது?

ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில். முதலில் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவத்தையும் வழியையும் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வருகிறீர்கள், ஆகவே எல்லாக் கடதாசியிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் பிரதிகளை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தை மடிக்காமல் கொண்டுவாருங்கள்.